வேலிக் கடப்பால் வந்த சட்டம்

வாடகைக்கு எடுத்த வீடியோ கசட்டைப் போட்டால், படம் தொடங்கும் முன் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள் வந்து போகும். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பார்கள். என் வீட்டில் அந்தக் கதை நடக்காது. கசட் ஓட்டும் டெக்கில் ஒரு பொத்தானை அழுத்தி அந்த வரிகளை நிறுத்துவேன். எழுத்துகள் நடுங்கிக்கொண்டு நிற்கும். சத்தமாகத் தமிழில் சொல்வேன்: இந்தக் கசட் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்; ஆட்களைக் கூட்டிக் காட்டக்கூடாது; மீறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும். அதற்குப் பிறகுதான் படம் ஓடும். எழுதியிருப்பதை வாசிக்காமல் தாண்டிப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதைக்கூடக் கடைசி வரி வரை வாசித்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன்.

"பயான் முடிஞ்சா படத்த உடு புள்ள" என்று, நான் வாசிப்பதைப் பள்ளிவாசல் பிரசங்கமாக்கி, பக்கத்து வளவுச் சாச்சி சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் என் சொந்தச் சாச்சி இல்லை. அயலில் மூத்தவர், எல்லாரும் அப்படிக் கூப்பிட்டோம். சிரிப்பு அடங்கியதும் ஹோல் நிறையப் பாயில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களும் திரையைப் பார்க்கத் திரும்புவார்கள்.

ஆட்களைக் கூட்டிக் காட்டக்கூடாது என்று வாசித்துவிட்டு ஒரு ஹோல் நிறைய ஆட்களுக்குக் காட்டினாயே, அது என்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். அப்போது என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு அந்தப் பதில் விளங்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். என் வாப்பா வரிப்பத்தான்சேனையில் இருந்த வயலை விற்று, ஒரே வளவை இரண்டாகப் பிரித்து, எனக்கு ஒன்று என் தங்கச்சிக்கு ஒன்று என்று இரண்டு வீடு கட்டித் தந்தார். நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதைத்தான் கடப்பு என்போம். தங்கச்சியின் வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவிலும் ஒரு கடப்பு இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. ஒரு பெண் எங்கள் ஒழுங்கையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் தெருவில் கால் வைக்காமலே போய் வரலாம். எண்ணெய் கைமாற்று வாங்கவும், பிள்ளை பெற்றவளைப் பார்க்கவும், ஊர்க்கதை கேட்கவும் அப்படித்தான் போனோம். தெரு ஆம்பிளைகளுடையது. கடப்பால் வருகிறவள் விருந்தாளி கூட இல்லை. அவளுக்கு யாரும் கதவு திறந்துவிடுவதில்லை. அவளே குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து என்ன கறி என்று பார்ப்பாள்.

ஆகவே என் கணக்கு இது. தெருக் கேற்றைத் திறந்து ஆட்களை உள்ளே விட்டால் அது காட்சி, தியேட்டர். கடப்பால் வருகிறவர்கள் வீட்டாட்கள். படம் ஓடும் நேரத்தில் கேற்றைப் பூட்டி, முன் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன். தெருவால் சுற்றி வந்து தட்டிய ஒருத்தியை, சட்டம் அப்படி என்று சொல்லி, திரும்பிப் போய்க் கடப்பால் வரச் சொல்லியிருக்கிறேன். அவளும் முறைத்துவிட்டுப் போய் அப்படியே வந்தாள். யாரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. என்னைவிட ஒழுங்காக அந்த ஆங்கில வரிகளுக்குக் கட்டுப்பட்டவர் இலங்கையிலேயே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

டெக்கும் டிவியும் சவூதியிலிருந்து வந்தவை. என் மாப்பிள்ளை அங்கே லொறி ஓட்டினார். வெயிலில் வெந்து சம்பாதித்ததில் முதல் அனுப்பிய பெரிய சாமான் அவைதான். பாண்டிருப்பிலிருந்து ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் வந்து வயர்களை இணைத்துத் தந்தார். டவுனில் சினிமாத் தியேட்டர் இருந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கைப் பெண்களில் யாராவது தியேட்டர் வாசலில் நின்றால் அந்தக் கதை அவளுக்கு முன் வீடு வந்து சேர்ந்துவிடும். அதனால் டெக் வந்த செய்தி கேட்டதும் எல்லாருக்கும் ஆசை. ஆசைக்கு மேலே பயமும் இருந்தது. வீட்டில் ஆம்பிளைகள் வந்துபோவார்களா, யாரும் யன்னலால் பார்ப்பார்களா என்று ஒவ்வொருத்தியாக வந்து கேட்டாள்.

நான் வாக்குக் கொடுத்தேன். மத்தியான லுஹர் தொழுகைக்கும் பின்னேர அஸர் தொழுகைக்கும் நடுவில் என் வீட்டுக்குள் ஓர் ஆம்பிளையின் கண்ணும் விழாது, அதற்கு நான் பொறுப்பு என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. சாச்சியின் கையைப் பிடித்துச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள். வந்து, முக்காட்டைக் கழற்றித் தோளில் போட்டு, தலையை அவிழ்த்து எண்ணெய் வைத்து, கால் நீட்டி, சிலர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பார்த்தார்கள். படத்தைவிட அப்படி இருப்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. எனக்கும் அப்படித்தான். அஸர் பாங்கு கேட்டதும் டெக்கை நிறுத்துவேன். மிச்சப் படம் நாளைக்கு.

கசட் எடுப்பது என் தங்கச்சியின் மாப்பிள்ளையிடம். அவர் சந்தைப் பக்கத்தில் கசட் கடை வைத்திருந்தார். சொந்தம் என்று சும்மா எடுக்கமாட்டேன். வாடகையைக் கையில் வைத்துத்தான் கசட்டை வாங்குவேன். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தங்கச்சிக்குத் தெரியுமா என்று கேட்கத் தேவையில்லை. டிவிக்கு முன்னால் முதல் பாயில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து எல்லாருக்கும் முன் அழுகிறவள் அவள்தான். ஒரு நாள் நான் வாசித்து முடித்ததும், "ராத்தா, எத்தின பேரு இரிந்தா கூட்டம்?" என்று கேட்டாள். சந்தேகம் கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வதுபோல் கடப்பையும் கேற்றையும் பற்றிய என் விளக்கத்தை அவளுக்கு விரிவாகச் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன பொறுமையாகக் கேட்டாள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் நடந்த அந்த நாள் அவள் வரவில்லை. கடப்படியில் நின்று, "மண்ட இடிக்கிது ராத்தா, நீங்க பாருங்க" என்றாள். கோடாலித் தைலம் கொண்டுவரவா என்றேன். வேண்டாம் என்றாள். அந்தப் படத்துக்கு அது இரண்டாம் நாள். முதல் நாள் நிறுத்திய இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. தாயும் மகனும் பிரிகிற கட்டம். ஹோலில் மூக்கு உறிஞ்சும் சத்தம். சித்திரை மாத வெக்கை. ஃபேன் சுற்றியும் தலையில் துணியோடு ஒருத்தியும் இல்லை. புதுசாகக் கல்யாணமான ஒரு பிள்ளை சாச்சியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தது, சாச்சி பேன் பார்த்துக்கொண்டிருந்தார்.

குசினிப் பக்கம் ஓர் ஆம்பிளை இருமினார். என் காதில் ஏதோ பிழை என்று நினைத்தேன். திரும்பினால், குசினிக்கும் ஹோலுக்கும் நடுவாசலில் கணுக்கால் வரை நீண்ட களிசானும் சப்பாத்துமாக ஒரு மனிதர் நிற்கிறார். சப்பாத்தோடு என் குசினியைக் கடந்து வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பொலிஸ்காரர். அந்தப் பொலிஸ்காரரை நான் குறை சொல்லமாட்டேன். உள்ளே பார்த்ததும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். களிசான்காரர் திருப்பவில்லை. விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். அவிழ்ந்த தலை, எண்ணெய்த் தலை, பால் குடிக்கிற பிள்ளையின் தலை, எல்லாவற்றையும்.

பெண்கள் குழறிக்கொண்டு எழும்பினார்கள். பின்பக்கத்தில் ஆம்பிளைகள். முன் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது, நான் போட்டது. யாருக்கும் அதைத் திறக்கத் தோன்றவில்லை, திறந்தாலும் தெரு. கையில் அகப்பட்ட துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து என் படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். சாச்சியின் முக்காடு அவசரத்தில் அகப்படவில்லை. அவர் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு போனார். படம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

களிசான்காரர் கொழும்பிலிருந்து வந்தவர். அந்தப் படங்களுக்கு இலங்கை முழுவதற்கும் உரிமை வாங்கி வைத்திருந்த ஒரு கம்பெனியின் ஆள். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "அம்மா, கசட்டை வாடகைக்கு எடுத்தால் உங்கள் வீட்டுக்காரர்களோடு பார்க்கலாம். அவ்வளவுதான் அந்த வாடகை. வெளி ஆட்களைச் சேர்த்துக் காட்டுகிற உரிமை வேறு. அதற்குத் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். காசு வாங்கினீர்களா வாங்கவில்லையா என்பது பேச்சில்லை." இவர்கள் வெளி ஆட்கள் இல்லை, கடப்பால் வருகிறவர்கள் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று பிறகு படித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் சொன்னது சரி, என் கணக்குப் பிழை. சட்டத்தோடு எனக்கு இன்றைக்கும் சண்டை இல்லை.

டெக்கின் வயரைக் கழற்றி, கசட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது முன் கதவையும் கேற்றையும் திறக்கச் சொல்லித் தெருவால் போனார்கள். பொலிஸ்காரர் தோளில் என் டெக், வயர் பின்னால் தொங்குகிறது, ஒழுங்கை முழுக்க ஆம்பிளைகள் நின்று பார்க்கிறார்கள். அறைக்குள் இருந்த பெண்கள் வெளியே வந்தார்கள். முகத்தை மூடி, அக்கம்பக்கம் பார்க்காமல், ஒவ்வொருத்தியாகக் கடப்பால் இறங்கிப் போனார்கள்.

எல்லாரும் போன பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அவர்கள் வரும்போது என் கேற் பூட்டித்தான் இருந்தது. அந்த இரண்டு பேரும் எந்த வழியால் வந்தார்கள்? நானும் கடப்பால் குனிந்து தங்கச்சியின் வளவுக்குள் போனேன். மத்தியானத்தில் எப்போதும் பூட்டியிருக்கும் அவளுடைய தெருக் கேற் அகலத் திறந்து கிடந்தது. குசினி வாசலில் இரண்டு கதிரை போட்டிருந்தது. பக்கத்தில் பலகையில் இரண்டு கோப்பை, அடியில் தேயிலை மண்டி. பெருநாளுக்கும் கலியாணப் பேச்சுக்கும் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பைகள். உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, படம் தொடங்கி நாங்கள் எல்லாரும் சேரும் வரைக்கும் காத்திருந்து அனுப்பியிருக்கிறாள்.

அவள் குசினிக்குள் நின்றாள்.

"மண்ட இடி சுகமா?" என்று கேட்டேன்.

"ராத்தா, கோவிக்காதீங்க. முதல்ல கேளுங்க" என்றாள். "அந்தக் கொழும்பு ஆள் கடைக்கு வந்து நிண்ட. இந்தப் பக்கத்தில களவாப் படம் காட்டுற ஒரு இடத்தயெண்டாலும் புடிச்சிக் காட்டினாத்தானாம் கம்பெனிர கல்முனை ஏஜன்ஸிய இவருக்குக் குடுப்பாரு. இல்லாட்டி கடையயும் மூடச் சொல்லுவாராம். நாங்க என்ன செய்ற?"

"அதுக்கு என்ட வீடா?"

"வேற ஆர்ர வீட்டக் காட்டுற? அயலுக்குள்ள வேற ஆரையும் காட்டினா நாளைக்கு அவங்கட மொகத்தில முழிக்க ஏலுமா? சண்டதான் வரும். நீங்கெண்டா நம்மட ஆள். ரெண்டு நாள் கோவமா இரிப்பீங்க, மறுகா சரியாப் போயிரும்."

"நான் அந்தப் பொம்புளயளுக்கு வாக்குக் குடுத்திரிக்கன். ஒனக்குத் தெரியாதா? அவங்க தலையத் தொறந்து இரிக்கக்குள்ள ஆம்புளயள உள்ள உட்டிரிக்காய்."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவைத்தாள். பிறகு, "நீங்கதானே ராத்தா ஒவ்வொரு நாளும் வாசிச்ச, ஆக்களக் கூட்டிக் காட்டப்படாதெண்டு. அந்தக் கொழும்பு ஆளும் அதத்தான் சொன்ன" என்றாள்.

 வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று ஊரில் பெயர் எடுத்த நான், வந்த வழியே குனிந்து திரும்பிப் போனேன். பகை இருந்து செய்திருந்தால் ஆறியிருக்கும். பகைகாரி செய்கிற வேலைதானே என்று நாலு பேரிடம் திட்டித் தீர்த்திருக்கலாம். இவள் என்மேல் இருக்கிற பாசத்தை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறாள். எந்த வீட்டைக் கொடுத்தால் தனக்குச் சேதம் குறைவு என்று நினைத்துப் பார்த்து, என் வீட்டைத் தெரிந்தெடுத்திருக்கிறாள். நான் மன்னித்துவிடுவேன் என்பது அவளுக்கு அவ்வளவு நிச்சயம். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மலிவாக மதித்ததில்லை.

டெக் திரும்பி வந்தது. தங்கச்சியின் மாப்பிள்ளையே பொலிசுக்குப் போய், கொழும்பு ஆளிடம் கதைத்து, எச்சரிக்கையோடு முடித்துவைத்து, தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "மதினி, இத எடுக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை. நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் நின்றார். லீவில் வந்த என் மாப்பிள்ளையிடம் நடந்ததெல்லாம் சொன்னேன். "டெக் வந்திட்டுத்தானே, மறுகா என்ன?" என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஏஜன்ஸி அவர்களுக்குக் கிடைத்தது. சந்தைப் பக்கம் ஒரு பழைய ஸ்டோரை எடுத்து, உட்கார நீள வாங்கு போட்டு, மேலே பெரிய டிவி வைத்து, மத்தியானத்தில் பெண்களுக்கென்று தனிக் காட்சி தொடங்கினார்கள். லவுட்ஸ்பீக்கர் கட்டிய வான் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், சட்டப்படி அனுமதி பெற்ற காட்சி என்று அறிவித்தது. எங்கள் ஒழுங்கைப் பெண்கள் முக்காடு போட்டு, டிக்கட் எடுத்து, தெருவால் போனார்கள். தங்கச்சி எனக்கும் வந்து சொன்னாள், முன் வாங்கில் இடம் வைத்திருப்பதாக. நான் போகவில்லை.

அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வளவால்தான் அவர்கள் வந்தார்கள் என்று நான் வாய் திறந்தால், ஆம்பிளைகளைப் பெண்கள்மேல் ஏவிவிட்டவள் என்ற பெயரோடு அவள் அந்த ஒழுங்கையில் இருக்க ஏலாது. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள்? வாப்பா கட்டித் தந்த வீட்டை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்? இதையெல்லாம் நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவளே ஒரு நாள் சாச்சியிடமாவது போய்ச் சொல்லுவாள் என்று நம்பினேன். எத்தனையோ நாள் நம்பினேன்.

சாச்சி கடைசியில் வந்தார். மாரி தொடங்கும் காலம், மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். முக்காடும் செருப்புமாகத் தெருவால் வந்து கேற்றைத் தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே வாங்க என்றேன். முற்றத்தில்தான் நின்றார்.

"ஒண்டு கேக்கணும் புள்ள. மனசில வெச்சிக்கொண்டு மௌத்தாக ஏலா. அண்டைக்கு அந்த ஆம்புளயள் வரப்போறது ஒனக்குத் தெரியும்தானே?"

"என்ன சாச்சி சொல்றீங்க?"

"நான் எத நினைக்கிற நீயே சொல்லு. ஒன்ட தங்கச்சி மண்ட இடியெண்டு வராம நிண்டுக்கிட்டாள். நீ முன் கதவ அடச்சிப் போட்ட, நாங்க ஓட ஏலாம. ஒன்ட டெக் அப்படியே திரும்பி வந்திட்டு. அவங்களுக்கு ஏஜன்ஸியும் கிடைச்சிட்டு. ரெண்டு பேரும் ஒரே வளவு. ஒனக்குத் தெரியாம இது நடந்திரிக்குமா? ஒன்ட கையப் புடிச்சிக் கேட்டுத்தானே நாங்க வந்த."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அடுக்கிச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஒன்றையும் என்னால் மறுக்க ஏலாது.

வேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிடுகுக்கு மேலால் அவள் முகம் தெரிந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னை நேராகப் பார்த்தாள். ராத்தாவுக்குத் தெரியாது சாச்சி என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன், அவள் பெயர் கெடாமல் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். சாச்சி என் பதிலுக்காக நின்றார். நான் அவளுக்காக நின்றேன்.

அவள் ஈரச் சாரன் ஒன்றை எடுத்து உதறினாள், கொடியில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள். பிறகு வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.